இடக்கான படுக்கையறை ஜன்னலுக்கு இருட்டுத் திரை: அளவெடுப்பது முதல் மாட்டுவது வரை

சாயங்காலம் ஆறரைக்கு வேலைக்கு உட்கார்ந்து அதிகாலை மூன்றரைக்கு எழுந்திருக்கிற ஆள் நான். படுக்கும்போது நாலரை ஆகிவிடும். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் 5:45-க்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. எங்கள் படுக்கையறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் தடவை கடைக்குப் போய் "பிளாக்அவுட் வேணும்" என்று கேட்டு, பிடித்த நிறத்தில் ஸ்கிரீன் துணி வாங்கி மாட்டினேன். துணி வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. ஆனால் துணியைச் சுற்றி நாலு ஓரத்திலும் ட்யூப்லைட் கட்டிவைத்தது போல ஒரு வெள்ளைச் சட்டம் தெரிந்தது. இரண்டாவது தடவை, உருளையில் சுருட்டி ஏற்றி இறக்கும் ரோலர் பிளைண்டு செய்து வாங்கினேன். அது ஜன்னலுக்குள் இறங்கவே இல்லை. மூன்றாவது தடவைதான் விஷயம் பிடிபட்டது. துணியைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. எதை எங்கே மாட்ட இடம் இருக்கிறது, ஓரத்தில் எவ்வளவு சந்து விழும் என்று பார்ப்பது முதல் வேலை.

பிளைண்டு விற்பவர்கள் போடும் வீடியோக்களில் ஜன்னல் என்பது வெள்ளைச் சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை. நம் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி உண்டு, கொண்டி உண்டு, கொசுவலை உண்டு, தலைக்கு மேல் லாஃப்ட் உண்டு, பக்கத்தில் நகர்த்த முடியாத ஒரு பீரோவும் உண்டு. அதனால் இந்தக் கட்டுரை நம் ஊர் ஜன்னலை வைத்துத்தான்.

ஒரு காலை முழுக்கப் படுத்துப் பாருங்கள்

டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு விடுமுறை நாள் காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தால் பிரித்து, ஜன்னலை உள்பக்கமாக மூடுங்கள். இல்லையென்றால் பழைய நாளிதழை நாலைந்து மடிப்பாக வைத்து மூடலாம். ஓரத்தை, பெயின்டர்கள் கோடு பிரிக்கப் பயன்படுத்தும் காகித டேப்பால் ஒட்டுங்கள். பிரவுன் டேப் ஒட்டினால் பிரிக்கும்போது சுவர் பெயின்டும் கூடவே வரும்.

அப்புறம் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, எப்போதும் தலை வைக்கும் இடத்தில் தலை வைத்துப் படுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். அதன் பிறகு எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறதோ, அதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைத்த பட்டியலைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. ஜன்னலை முழுக்க மூடியும் அறை பாதிதான் இருண்டிருந்தது. கதவுக்குக் கீழே ஒரு விரல் உயரத்துக்கு ஹால் வெளிச்சம். ஏசி பைப் சுவருக்குள் போகிற ஓட்டையைச் சுற்றி ஒரு பிறை. ஜன்னலுக்கு மேலே, நான் ஜன்னல் கணக்கிலேயே சேர்க்காத வென்டிலேட்டர். ஏசி ஸ்டெபிலைசரின் பச்சைக் கண் வேறு. இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த ஸ்கிரீன் துணிக்குக் கொடுத்த பணம் மிஞ்சியிருக்கும்.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரியவரும். எல்லோருக்கும் குகை மாதிரி இருட்டு தேவைப்படாது. முகத்தில் நேராக விழும் வெளிச்சம் மட்டும்தான் எழுப்புகிறது என்றால், கட்டிலைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த வழி அடைபட்டது, சரி, மேலே படியுங்கள்.

உங்கள் ஜன்னலில் இடக்கு எங்கே இருக்கிறது

ஜன்னலின் வடிவத்தைவிட அதைச் சுற்றி இருக்கிற பொருட்கள்தான் பெரும்பாலும் தொல்லை. எங்கள் வீட்டிலும் நண்பர்கள் வீடுகளிலும் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

அடிக்கடி வருவது லாஃப்ட். படுக்கையறையில் ஜன்னலுக்கு நேர் மேலேயே லாஃப்ட் போட்டுவிடுகிறார்கள். ஜன்னலின் மேல் விளிம்புக்கும் லாஃப்டின் அடிப்பாகத்துக்கும் நடுவே இரண்டு, மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். கர்ட்டன் ராடு மாட்டும் பிராக்கெட்டுக்கு அங்கே இடமே கிடையாது. நல்ல வேளையாக, இந்த இடக்கு பார்க்க மோசமாக இருந்தாலும் தீர்ப்பது சுலபம். ரோலர் பிளைண்டின் பிராக்கெட்டைச் சுவரில் அடிப்பதற்குப் பதில் லாஃப்டின் அடியில், மேல்நோக்கி அடிக்கலாம். பெரும்பாலான பிராக்கெட்டுகள் இரண்டு விதமாகவும் மாட்டுகிற மாதிரிதான் வருகின்றன. லாஃப்ட் தளமே மேல் ஓரத்தை மூடிவிடுவதால், பக்கத்து வீட்டில் தனியாகப் பெட்டி கட்டி மறைக்கிற வெளிச்சம் உங்களுக்கு இலவசமாக மறைந்துவிடும். ஒரே கவனம்: லாஃப்டுக்குக் கதவு போட்டிருந்தால், அந்தக் கதவின் அடி விளிம்பு பிளைண்டில் இடிக்காமல் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒரு பக்கம் பீரோவோ, சுவரோடு செய்த வார்ட்ரோபோ ஜன்னல் விளிம்பை ஒட்டி நிற்பது. இங்கே சுவரின் மேல் மாட்டும் திரை அந்தப் பக்கம் தாண்டிப் படர வழியில்லை. அந்த ஓரத்தில் மட்டும் வார்ட்ரோபின் பக்கப் பலகையில் ஒரு மெல்லிய மரப் பட்டியை மேலிருந்து கீழாக அடித்துவிடுங்கள். கார்ப்பென்டர்கள் பீடிங் என்று சொல்வார்கள். துணியின் ஓரம் அந்தப் பட்டிக்குப் பின்னால் போய் நிற்கும். அரை அங்குலப் பட்டி போதும், வெளிச்சம் நேராக வர முடியாது. சுவர் நிறத்தையே அடித்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

மூன்றாவது, கம்பியும் கொண்டியும். பழைய மாதிரி மர ஜன்னலில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், கம்பி உள்பக்கம் இருக்கும். கம்பிக்குள் கையை விட்டுக் கதவை இழுத்துக் கொண்டி போடுவோம். அந்தக் கொண்டியும் கைப்பிடியும் சட்டத்தைத் தாண்டி அறைக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதை யாரும் அளப்பதில்லை. நானும் அளக்கவில்லை. என் இரண்டாவது தடவைக் கூத்து அதனால்தான்.

சுவரில் ஜன்னல் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் அடங்குகிற மாதிரி ரோலர் பிளைண்டு கேட்டிருந்தேன். அகலம், உயரம் எல்லாம் சரியாக வந்தது. மாட்ட வந்தவர் ஏணியில் ஏறி, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, "சார், உள்ள போட்டா கொண்டி இடிக்குமே, பாத்தீங்களா?" என்று கேட்டார். கொண்டியின் மூக்கு நாலு சென்டிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. பிளைண்டை இறக்கினோம். அடிக்கட்டை சரியாகக் கொண்டியின் மேல் போய் உட்கார்ந்தது. சங்கிலியை இழுக்க இழுக்க, துணி அங்கேயே தொந்தி மாதிரி தொங்கியது. அளவுக்கு வெட்டிய பொருளைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அந்த பிளைண்டு இன்னும் அதே லாஃப்டில்தான் இருக்கிறது.

யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னலில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே கொசுவலைக் கதவுக்கும் சேர்த்து மூன்று தடம் ஓடுவதால், சட்டமே சுவரின் ஆழத்தில் பெரும்பகுதியைத் தின்றிருக்கும். உள்பக்கம் மிச்சமிருக்கும் குழி ஆழம் சில நேரம் இரண்டு அங்குலம்கூடத் தேறாது. வெல்க்ரோவில் ஒட்டும் கொசுவலை போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: வலையைக் கழற்றித் துவைக்க, திரைக்குப் பின்னால் கை போக வேண்டும்.

பழைய வீடுகளில் ஜன்னலுக்குள்ளேயே உட்காரும் ஏசி இருந்தால், அந்தப் பகுதியைத் திரையால் மறைக்கவே கூடாது. காற்று திரைக்குப் பின்னாலேயே சுற்றி, ஏசி அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஏசிக்கு மேலே உள்ள பகுதிக்குத் தனியாக ஒரு சின்ன பிளைண்டு, ஏசியைச் சுற்றிய சந்துக்குத் தெர்மோகோலோ ஃபோமோ போட்டால் சரியாகிவிடும்.

இரண்டு சுவர் சேரும் மூலையில் எல் வடிவத்தில் ஜன்னல் இருந்தால் இரண்டு பிளைண்டு வேண்டும். ஒன்று மூலை வரை முழுக்கப் போக வேண்டும், மற்றது அதன்மேல் முட்டி நிற்க வேண்டும். இரண்டையும் மூலைக்கு முன்னாலேயே நிறுத்தினால் நடுவில் தரையிலிருந்து கூரை வரை ஒரு வெளிச்சக் கோடு விழும். வட்டம், வளைவு மாதிரியான ஜன்னல்களுக்கு அந்த வடிவத்திலேயே திரை செய்யப் பார்க்காதீர்கள். சுற்றியுள்ள சுவரோடு சேர்த்துச் சதுரமாக மூடுங்கள், விட்டுவிடுங்கள். பால்கனிக் கதவுக்கு பிளைண்டைவிடக் கூரையில் தடம் அடித்துத் தொங்கவிடும் கனமான ஸ்கிரீன்தான் நல்லது. துணி காயப்போட தினமும் நாலு தடவை போக வேண்டிய வழி அது.

உள்ளே மாட்டுவதா, வெளியே மாட்டுவதா

குழிக்குள் அடங்குகிற மாதிரி மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இருட்டுக்கு அது எதிரி. ரோலர் பிளைண்டில் துணியின் அகலம், பிராக்கெட்டோடு சேர்ந்த மொத்த அகலத்தைவிடக் கிட்டத்தட்ட 3 முதல் 4 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். இரண்டு பக்கமும் பிராக்கெட்டுக்கும் சங்கிலிச் சக்கரத்துக்கும் இடம் வேண்டுமே. ஆக, எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் சந்து இருந்தே தீரும். கிழக்குப் பார்த்த ஜன்னலில் காலை ஏழு மணி வெயிலுக்கு அது தாராளம்.

அதனால் இடம் இருக்கிறவர்கள் குழிக்கு வெளியே, அறைப்பக்கச் சுவரின் மேல் மாட்டுங்கள். பக்கத்துக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர், மேலே 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் தாண்டிப் படரட்டும். கீழே ஜன்னல் திண்டில் கிரானைட் பலகை சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், திரையின் அடிக்கட்டை அந்தப் பலகையின் மேல் வந்து உட்காரும்படி நீளம் சொல்லுங்கள். பலகையைத் தாண்டித் தொங்கவிட்டால் அது திரையை முன்னால் தள்ளி, இரண்டு ஓரத்திலும் வாய் பிளக்கவைக்கும்.

இடமே இல்லாமல் உள்ளேதான் மாட்ட வேண்டும் என்றால், இரண்டு பக்கமும் சைடு சேனல் கேளுங்கள். துணியின் ஓரம் ஓடுகிற அலுமினியக் காடி அது. செலவு கூடும். நேராக இல்லாத சுவரில் துணி சிக்கும் என்பதால் மாட்டுகிறவரின் கைவேலை முக்கியம்.

அளவெடுப்பது

துணி இஞ்ச் டேப் வேண்டாம், இழுபடும். இரும்பு டேப்பால், மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். கடையில் அங்குலத்திலும் அடியிலும்தான் பேசுவார்கள், பேசட்டும். நீங்கள் கொடுக்கும் காகிதத்தில் மில்லிமீட்டர் இருந்தால் "நாலு அடி சொச்சம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

உள்ளே மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் உங்கள் கொத்தனாருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். எங்கள் வீட்டில் மேலே 1198, நடுவே 1204, கீழே 1211. இதில் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும். உயரத்தையும் இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அப்புறம் மூலைக்கு மூலை, இரண்டு குறுக்களவும் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஜன்னல் கோணலாக இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஜன்னலில் உள்ளே மாட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள்.

ஆழத்தையும் அளங்கள். சட்டத்திலிருந்து அளக்காமல், அறைக்குள் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருளின் மூக்கிலிருந்து அளங்கள். கொண்டியோ, கைப்பிடியோ, கிரில்லின் பூவேலையோ, எது நீளமோ அது. என் நாலு சென்டிமீட்டரை மறந்துவிடாதீர்கள்.

கடைக்காரரிடம் எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கொடுக்கிற எண் ஜன்னல் குழியின் அளவா, செய்து வர வேண்டிய திரையின் அளவா? குழியின் அளவு என்றால் அவர்களே சில மில்லிமீட்டர் கழித்துச் செய்வார்கள். நீங்களும் முன்யோசனையாகக் கழித்துக் கொடுத்துவிட்டால் இரண்டு தடவை கழிந்து, சந்து இரட்டிப்பாகும். வெளியே மாட்டுவதென்றால் "இதுதான் திரையின் இறுதி அளவு, கழிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள்.

செலவுக் கணக்கும் இங்கேதான் பலருக்குச் சறுக்கும். பிளைண்டு சதுர அடிக் கணக்கில் விற்கிறது. 120 சென்டிமீட்டர் அகலம், 135 சென்டிமீட்டர் உயர ஜன்னல் என்றால் பதினேழரைச் சதுர அடி. அதையே வெளியே மாட்ட, பக்கத்துக்கு 10, மேலே 12, கீழே 10 என்று கூட்டினால் 140-க்கு 157 ஆகி, கிட்டத்தட்ட 24 சதுர அடி வந்துவிடும். ஜன்னல் அளவை வைத்து மனதில் போட்ட பட்ஜெட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. சின்ன ஜன்னலுக்குக் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்று பில் போடும் கடைகளும் உண்டு; வென்டிலேட்டருக்குத் தனி பிளைண்டு செய்ய நினைப்பவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உருளையை மறைக்கும் மேல்பெட்டி, மாட்டுக்கூலி, வரி எல்லாம் அந்த விலைக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள்.

எந்த வகை

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இடக்கான ஜன்னலுக்கு, சுவரை ஒட்டி ஒரு ரோலர் பிளைண்டு, அதற்கு முன்னால் சாதாரண ஸ்கிரீன். இந்த இரண்டு அடுக்கை மிஞ்ச எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. ரோலரின் ஓரத்தில் தப்பிவரும் வெளிச்சத்தை முன்னால் தொங்கும் துணி விழுங்கிவிடுகிறது. அந்த ஸ்கிரீன் விலையுயர்ந்த பிளாக்அவுட்டாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது ஜீப்ரா பிளைண்டாகத்தான் இருக்கும். அழகாக இருக்கும், ஹாலில் போடுங்கள். பட்டையும் சல்லடையும் மாறி மாறி வரும் அந்தத் துணி முழுக்க மூடினாலும் பட்டைகள் சேரும் இடத்தில் கசியும். நீளப் பட்டைகள் தொங்கும் வெர்டிகல் பிளைண்டு ஆபீஸ் சாமான், ஃபேன் காற்றுக்கு ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு கீற்று உள்ளே வரும். குறுக்குப் பட்டைகள் அடுக்கிய வெனிஷியன் வகையில் ஒவ்வொரு பட்டையிலும் கயிறு போக ஓட்டை இருக்கிறது, அதிலிருந்து வருவதே போதும். மடிப்பு மடிப்பாக மேலே ஏறும் ரோமன் பிளைண்டு பரவாயில்லை. உள்ளே பிளாக்அவுட் லைனிங் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம், ஆனால் குறுக்குத் தையல் போகும் இடமெல்லாம் ஊசி ஓட்டை, நட்சத்திர வானம் மாதிரி தெரியும். மேலே ஏற்றினால் மடிப்பு ஒரு சாணுக்குத் தொங்கி ஜன்னலின் மேல்பகுதியை எப்போதும் மறைக்கும். பக்கவாட்டில் பார்த்தால் தேன்கூட்டு அறைகள் மாதிரி தெரியும் தேன்கூட்டு வகை உள்ளே மாட்டுவதற்கு நல்லது, துணி விளிம்பு வரை நெருங்கி வரும். விலைதான் கையைக் கடிக்கும்.

ரோலர் வாங்கும்போது யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம், துணி உருளையின் எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது என்பது. வழக்கமாக உருளைக்குப் பின்னாலிருந்து, சுவரை ஒட்டி இறங்கும். இருட்டுக்கு அதுதான் நல்லது. முன்பக்கமாக இறங்கும்படி மாற்றிச் சுற்றித் தரச்சொல்லலாம். அப்படிச் செய்தால் துணி சுவரிலிருந்து உருளையின் தடிமனுக்கு விலகி இறங்கும், கொண்டியில் இடிக்காது. ஆனால் ஓரச் சந்து கூடும். கொண்டி நீட்டிக்கொண்டிருப்பவர்கள் வேறு வழியில்லாமல் இதைக் கேட்டால், முன்னால் ஸ்கிரீன் கட்டாயம்.

துணியைக் கடையிலேயே சோதியுங்கள்

"பிளாக்அவுட்" என்று சொல்லி விற்பதில் பாதி, வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் ரகம்தான். செல்போன் டார்ச்சைத் துணியின் பின்னால் ஒட்டிவைத்து முன்னால் பாருங்கள். டார்ச் இருக்கும் இடம் மங்கலான வட்டமாகத் தெரிந்தால் அது முழு இருட்டுத் துணி அல்ல. அதன் பிறகு கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலுக்கு நேராக இரண்டு கையாலும் விரித்துப் பிடியுங்கள். டார்ச்சுக்குத் தெரியாத ஊசிமுனை ஓட்டைகள் வெயிலில் மின்னும். துணியை ஒரு இடத்தில் மடித்து நகத்தால் அழுத்தி, பிரித்து, திரும்பவும் வெயிலில் பாருங்கள். மடிப்புக் கோட்டில் வெளிச்சம் வந்தால் பின்பக்கப் பூச்சு இப்போதே வெடிக்கிறது. ஒரு வருஷத்தில் உதிரும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளிர் நிறத் துணிக்கும் முழு பிளாக்அவுட் உண்டு. பூச்சின் நடு அடுக்கில் கறுப்பு வைத்து, வெளியே வெள்ளை பூசியிருப்பார்கள். கறுப்புப் பருத்தித் துணியோ வெயிலில் பிடித்தால் சல்லடை. வெயில் படும் பின்பக்கம் வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ இருப்பது நல்லது. கறுப்புப் பின்பக்கம் வெயிலை உறிஞ்சி அறைக்குள்ளேயே சூட்டைக் கக்கும்.

இதில் ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அறைக்குள் மாட்டுகிற எந்தத் திரையும் வெளிச்சத்தை நிறுத்தும் அளவுக்குச் சூட்டை நிறுத்தாது. வெயில் கண்ணாடியைத் தாண்டியபோதே சூடும் உள்ளே வந்துவிட்டது. மேற்குப் பார்த்த அறையில் சாயங்காலம் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், தெரியும். அந்த அறைக்கு வெளிப்பக்கம், சன்ஷேடிலிருந்து தொங்கும் மூங்கில் தட்டிதான் மருந்து. வெளியே தட்டி, உள்ளே ரோலர் என்றால் இரண்டு பிரச்சினையும் சேர்ந்து தீரும். அடுக்குமாடி சங்கத்தில் வெளிப்பக்கம் எதையும் மாட்டக் கூடாது என்று விதி இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் நாள்

ஜன்னலுக்கு நேர் மேலே பெரும்பாலும் லிண்டல் கான்கிரீட்தான் இருக்கும். சாதாரண டிரில் அதில் அரை அங்குலம் போய்விட்டுப் பாட்டுப் பாடும். சுத்தியல் மாதிரி அடித்துத் துளைக்கும் ஹேமர் டிரில் உள்ளவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதிலிருந்து செங்குத்தாக மேலே போகும் கோட்டில் துளை போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். பூச்சு உதிரும் பழைய சுவர் என்றால் துளை பெரிதாகி பிளக் ஆடும். இன்னும் ஆழமாகத் துளைத்து நீளமான பிளக், நீளமான ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

இரண்டு பிராக்கெட்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஜன்னலின் மேல் விளிம்பை வைத்து மட்டம் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஜன்னலே சாய்ந்திருக்கலாம். மட்டம் தப்பினால் துணி ஒரு பக்கமாக ஏறிச் சுருண்டு, ஓரம் பிராக்கெட்டில் உரசிப் பிசிறடிக்கும். தாழ்ந்த பக்கத்துப் பிராக்கெட்டைக் கொஞ்சம் ஏற்றி முடுக்கினால் சரியாகிவிடும்.

குழந்தைகள் இருக்கிற வீட்டில் மணிச்சங்கிலி தொங்கவே கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து நிஜம். சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் கிளிப்பை, தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் சுவரில் திருகிவிட்டு, சங்கிலியின் கண்ணி அதற்குக் கீழே வராத நீளத்தில் செய்யச் சொல்லுங்கள். சங்கிலியே இல்லாத ஸ்பிரிங் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கட்டிலோ தொட்டிலோ ஜன்னலுக்கு அடியில் இருந்தால் அந்த ஒன்றரை மீட்டரைக் கட்டிலின் மேலிருந்து கணக்கிடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: துளை போடுவதற்கு முன் ஓனரிடம் கேட்டுவிடுங்கள், அட்வான்ஸில் கழிப்பதைவிட ஒரு போன் மலிவு. போடவே கூடாது என்றால், ஜன்னல் குழிக்குள் இரண்டு பக்கமும் அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் ராடு இருக்கிறது. கனமான துணி தாங்காது, லைனிங் துணியை மட்டும் தொங்கவிடலாம். அல்லது வெல்க்ரோவை மர, அலுமினியச் சட்டத்தில் ஒட்டி, துணியை அப்படியே பதிக்கலாம். தினமும் எடுத்து ஒட்டுவது சள்ளை, ஆனால் இருட்டு பிரமாதம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் எதையும் ஒட்டாதீர்கள், காலையில் எல்லாம் தரையில் கிடக்கும்.

மீதிச் சந்துகள்

மாட்டிய மறுநாள் காலை, முதலில் செய்தது போலவே திரும்பவும் படுத்துப் பாருங்கள். இப்போது தெரிகிற வெளிச்சம் சில்லறை வேலை.

மேல் ஓரத்தில் உருளைக்கு மேலே கசிந்தால் மேல்பெட்டி போடலாம், அல்லது ஒரு பலகையைச் சுவரிலிருந்து முன்னால் நீட்டி அடிக்கலாம். பக்க ஓரத்துக்கு முன்பு சொன்ன அதே பீடிங். அடியில் ஃபேன் காற்றுக்குத் திரை தூக்கினால், அடிக்கட்டையின் இரண்டு முனையிலும், திண்டிலும் சின்னக் காந்தம் ஒட்டினால் அமைதியாகிவிடும். கதவுக்குக் கீழே ரப்பர் பட்டியோ பழைய வேட்டியைச் சுருட்டியோ வைக்கலாம்.

வென்டிலேட்டருக்கு பிளைண்டு வேண்டாம். ஃபோம் போர்டை குழியைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, உள்ளே அழுத்தி வைத்தால் அதுவே நிற்கும். பிடித்து இழுக்க நடுவில் ஒரு துணி வாலை ஒட்டிக்கொள்ளுங்கள். நான் அதை மறந்து, முதல் தடவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். ஏசி இல்லாத அறையில் வென்டிலேட்டரை முழுக்க அடைத்தால் புழுங்கும், ஆகவே பலகையை இரண்டு அங்குலம் முன்னால் தள்ளி, மேலே காற்றுக்கு வழி விட்டு மாட்டுங்கள். குளியலறை வென்டிலேட்டரில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, அதுவும் கேஸ் கீசர் இருந்தால்.

எழுந்ததும் திரையை முழுக்கச் சுருட்டி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்காக மூடியே வைத்தால் பூச்சுத் துணியின் பின்பக்கம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷினில் போடுவதும் இஸ்திரி போடுவதும் பூச்சுக்கு எமன். புதுத் துணியில் ரப்பர் நெடி அடித்தால் மாட்டுவதற்கு முன் இரண்டு நாள் பால்கனியில் தொங்கவிட்டால் குறையும்.

எங்கள் அறையில் கடைசியாக மிஞ்சியது ஏசி பைப் ஓட்டைப் பிறையும் ஸ்டெபிலைசரின் பச்சைக் கண்ணும். ஓட்டைக்கு எம்-சீல், கண்ணுக்கு என் பையனின் கணக்கு நோட்டிலிருந்து உரித்த ஒரு பெயர் ஸ்டிக்கர். இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை.